மீட்டருக்குக் கேட்காத இடி

எங்கள் பக்கத்தில் குழாய் ஸ்பீக்கர் தென்னையில் ஏறிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கட்டினால் போலீஸ் கழற்றச் சொல்லும். மைக்செட்டுக்காரர்களும் சண்டைக்கு நிற்காமல் கழற்றிவிடுகிறார்கள். குழாய் போன இடத்தில், தரையில் பெட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. 18 அங்குல ஸ்பீக்கர் இரண்டு அடைத்த, ஆள் உயரப் பெட்டி. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா, பிறகு கோயில் கொடை, குருசடித் திருவிழா, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி என்று குமரி மாவட்டத்து அருமனை வட்டாரத்தில் பெட்டிக்கு ஓய்வே கிடையாது. கூடவே ஒரு வழக்கும் ஊருக்கு ஊர் நடக்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். மைக்செட்டுக்காரர் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து, "எழுபத்தொண்ணு தானே காட்டுது, எழுபத்தஞ்சு வரைக்கும் போலாம்" என்பார். எண்ணைக் கண்டதும் பேச்சு அடங்கிவிடும்.

எனக்கு வழக்கு அந்த எண்ணோடுதான்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ–டி.வி. படித்து, ஜங்ஷனில் கடை போட்டு, கடையை மூடிய பிறகும் வீட்டு வராந்தாவில் ஆம்ப்ளிபயர் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். எந்த மீட்டரைப் பார்த்தாலும் அதன் உள்ளே இருக்கும் சர்க்யூட்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். எந்தச் சர்க்யூட்டும் எல்லா அதிர்வெண்ணையும் ஒன்றுபோல நடத்தாது. சிலதை ஏற்றும், சிலதை இறக்கும், சிலதை வாசலிலேயே நிறுத்திவிடும். எதை எவ்வளவு என்று கோடாக வரைந்தால் அதுதான் அந்தச் சர்க்யூட்டின் ரெஸ்பான்ஸ்; பாடப்புத்தகக்காரர்கள் அதிர்வெண் துலங்கல் என்பார்கள். செயலி காட்டும் 71-க்குப் பின்னாலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. அதை அறியாமல் 71-ஐ வைத்து நியாயம் பேசுவதில் அர்த்தமில்லை. அந்தக் கோட்டை வரைய பெரிய லேபும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். வீட்டு மேசை போதும்.

பழைய ரேடியோ மெக்கானிக்குக்கு இதெல்லாம் புதிதில்லை. அருமனைக்குத் திருவனந்தபுரம் வானொலி கிட்டத்தில், 1161 கிலோஹெர்ட்ஸ். திருநெல்வேலி 1197. நடுவில் 36 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. திருநெல்வேலி நாடகம் கேட்க உட்கார்ந்த வீட்டில், அடியில் மலையாளச் செய்தி முனகத் தொடங்கினால் ரேடியோ என் மேசைக்கு வரும். உள்ளே ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்கள் 455 கிலோஹெர்ட்ஸை விட்டு நகர்ந்திருக்கும். சிக்னல் ஜெனரேட்டரை 455-இல் வைத்து, பிளாஸ்டிக் முனையால் கோரைத் திருப்பித் திருப்பி, மீட்டர் முள் உச்சிக்கு வரும் இடத்தில் நிறுத்துவோம். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்த்தி எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்ப்போம். அந்த மலையின் உச்சியும் சரிவும்தான் ரேடியோ. சரிவு செங்குத்தாக இருந்தால் நிலையங்கள் பிரியும், ஆனால் பாட்டு மூடிய அறைக்குள் கேட்கிற மாதிரி இருக்கும். சரிவு தளர்ந்தால் பாட்டு திறக்கும், கூடவே மலையாளமும் வரும். இரண்டையும் சேர்த்துத் தருகிற ரேடியோ என் மேசைக்கு வந்ததில்லை.

எண்பதுகளில் திருவனந்தபுரம் தூர்தர்ஷனைப் பிடிக்க வீட்டுக்கு வீடு குழாய் நட்டு ஆன்டெனா ஏற்றிய நாட்களில், டி.வி.க்கும் இதே வேலைதான். படத்துக்கு 38.9 மெகாஹெர்ட்ஸ், ஒலிக்கு 33.4. அந்த மலையை ஒரே பார்வையில் திரையில் காட்ட வாப்புலேட்டர் என்று ஒரு கருவி உண்டு. அது வைத்திருந்த கடைகள் மிகக் குறைவு. எங்களில் பெரும்பாலோர் கண்ணாலும் காதாலும் ஒப்பேற்றினோம்.

இன்று ஒலி அதிர்வெண் எல்லைக்குள் அந்தக் கருவியின் வேலையை ஒரு பழைய லேப்டாப் செய்துவிடும். 2011 முதல் தமிழக அரசு பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப், பாட்டரி செத்து, எழுத்துத் தேய்ந்து, எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. ஆக்கர் கடைக்கு எடைக்குப் போடும் முன் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். பலவற்றில் ஹெட்போன் ஓட்டை ஒன்று, மைக் ஓட்டை ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் சவுண்ட் கார்டு நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக்குகிறது. அந்தக் கணக்கில் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது மனிதக் காது கேட்கிற எல்லை முழுவதையும், அதனால் பிடிக்க முடியும். ஒரு பக்கம் ஒலியை அனுப்பி மறுபக்கம் வாங்கி, கூடக்குறைவைக் கோடாக வரைந்து தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ரூம் ஈக்யூ விஸார்ட் அவற்றில் ஒன்று. மைக் ஓட்டை சில லேப்டாப்களில் ஒரு காதுக்கு மட்டும் வேலை செய்யும், மைக்குக்கு என்று சில வோல்ட் மின்சாரத்தையும் வெளியே தள்ளும். அதைத் தடுக்க வயரில் ஒரு கப்பாசிட்டர் போட வேண்டும். அது தொல்லை என்றால் லைன்–இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் எந்தச் சர்க்யூட்டையும் மாட்டக் கூடாது. வெறும் வயரால் ஹெட்போன் ஓட்டையையும் மைக் ஓட்டையையும் இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். வயருக்கு என்ன ரெஸ்பான்ஸ் இருக்கப்போகிறது, நேர்கோடுதானே வரும் என்று நினைப்போம். வராது. 20 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தொய்யும், 20,000 பக்கம் கொஞ்சம் சரியும், சிலதில் நடுவிலும் நெளியும். அது லேப்டாப்பின் சொந்தக் கோடு. அதைச் சேமித்து வைத்து, பிறகு வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் கழிக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கலையில் பாதி இதுதான்: அளக்கப்படுகிற பொருளுக்கு முன்னால் அளக்கிற பொருளை அளப்பது. கடையில் தராசைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீன் வாங்குகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 0.01 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் ஒன்று. இரண்டும் சேர்ந்து சில ரூபாய். ரெசிஸ்டர் வழியாக ஒலியை அனுப்பி, கப்பாசிட்டரின் மேல் விழும் மின்னழுத்தத்தை அளந்தால், கோடு இடப்பக்கம் சமதளமாகப் போய், 1,592 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் இறங்கி, அதற்கு மேல் சரிந்துகொண்டே போகும். 3 டெசிபெல் இறக்கம் என்றால் ஒரு வோல்ட் 0.707 வோல்ட் ஆகிறது என்று பொருள். சரிவு முழுமையாகப் பிடித்துக்கொண்ட பிறகு அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். 1,592 எங்கிருந்து வந்தது? 1-ஐ 2 பை, ரெசிஸ்டர், கப்பாசிட்டர் மூன்றின் பெருக்கத்தால் வகுத்தால் வரும். தாளில் போட்ட கணக்கும் திரையில் விழும் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்போது வருகிற சந்தோஷத்தை நான் விவரிக்கப்போவதில்லை. விலகி நின்றால் பெரும்பாலும் கப்பாசிட்டர்தான் காரணம். சாதாரண ரகம் அச்சிட்ட மதிப்பிலிருந்து பத்து சதவீதம் முன்பின் இருக்கும்.

பிள்ளைகள் இங்கே ஒரு மல்டிமீட்டரை எடுத்து நீட்டுவார்கள். எல்லா வீட்டிலும் கிடக்கும் அந்த மஞ்சள் மீட்டருக்கு ஏ.சி.யில் மிகச் சிறிய ரேஞ்சே 200 வோல்ட். அதில் ஒரு வோல்ட்டை அளப்பது அரிசிமூட்டைத் தராசில் ஏலக்காய் நிறுப்பது. அதுவும் போகட்டும். அது ஏறக்குறைய 45 முதல் 450 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பொறுப்பேற்கிறது. கரண்ட் கம்பியில் வரும் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. அதைக் கொண்டு 10,000 ஹெர்ட்ஸில் அளந்து, சர்க்யூட் சரிகிறது என்று எழுதினால், சரிந்தது சர்க்யூட்டா மீட்டரா என்று யாருக்கும் தெரியாது. இதே கேள்வியை ஒலி அளக்கும் மீட்டரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் மேசையில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி.

ஆம்ப்ளிபயரை அளக்கும்போது மூன்று விஷயம் கவனம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 10 வாட் தரும் ஆம்ப் ஆறு வோல்ட்டுக்கு மேல் வெளியே தள்ளும். மைக் ஓட்டை அதைத் தாங்காது. 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் போட்டுப் பதினொன்றில் ஒரு பங்காக்கித்தான் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் பதில் அதே ஓம் உள்ள பெரிய வயர்சுற்று ரெசிஸ்டரை மாட்டுங்கள். ரெசிஸ்டர் சுடும், ஆனால் சத்தம் போடாது; ராத்திரி பதினொரு மணிக்கும் முழு வால்யூமில் அளக்கலாம், வீட்டிலும் சண்டை வராது. மூன்றாவது, கார் ஆம்ப், பிரிட்ஜ் போட்ட போர்டுகளில் ஸ்பீக்கர் வயர் இரண்டிலுமே மின்னழுத்தம் இருக்கும். அதில் ஒன்றை எர்த் என்று நினைத்து லேப்டாப்பில் மாட்டினால் ஐ.சி. போகும், லேப்டாப்பும் கூடப் போகலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக லைன் கரண்டில் ஓடும் பழைய செட்டுகள் பக்கமே லேப்டாப்பைக் கொண்டுபோகக் கூடாது. இதில் தைரியத்துக்கு வேலை இல்லை.

என்ன லாபம் என்று கேட்பார்கள். மைக்செட்டுக்குப் பாக்ஸ் தூக்கும் பையன் ஒருவன் 4440 போர்டு ஒன்றைக் கொண்டுவந்தான்.

"மாமா, பேஸ் சுத்தமா இல்லே. ஐ.சி. மாத்தித் தாருங்கோ."

"ஐ.சி. கெடக்கட்டு மக்களே. மொதல்ல கோடு வரஞ்சு பாப்போம்."

சான்யோ கம்பெனியின் எல்.ஏ. 4440 நம் ஊர் டேப்ரிக்கார்டர் காலத்திலிருந்து ஓடிவரும் ஐ.சி.; பக்கத்துக்கு 6 வாட். அதன் வெளிவாசலில் 1,000 மைக்ரோபாரட் கப்பாசிட்டர் நின்று ஸ்பீக்கருக்கு வழிவிடும். 4 ஓம் ஸ்பீக்கரோடு சேர்ந்தால் அது 40 ஹெர்ட்ஸ் வரை பேஸை விடும். வெக்கையில் கிடந்து கப்பாசிட்டர் காய்ந்து 100 ஆகிவிட்டால், அதே வாசல் 400 ஹெர்ட்ஸில் மூடத் தொடங்கும். திரையில் விழுந்த கோடு ஏறக்குறைய 400-இல்தான் உடைந்தது. சேதம் எங்கே என்று அந்தக் கோடே சொல்லிவிட்டது, ஐ.சி.யைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. ஒரு கப்பாசிட்டர் மாற்றினோம். காதால் கேட்டு, ஐ.சி.யாக மாற்றிப் பார்த்து, எதுவோ ஒன்றில் சரியாகிவிட்டால் அதுவே காரணம் என்று நம்புகிற வழக்கத்தில்தான் எங்கள் தொழில் ஓடுகிறது. காசு வாடிக்கையாளருடையது என்பதால் யாரும் கேட்பதில்லை.

பெட்டிமேல் அச்சிடும் '20–20,000 ஹெர்ட்ஸ்' என்பதையும் இந்த மேசையில் வைத்துப் பார்க்கலாம். எத்தனை டெசிபெல் கூடக்குறைவுக்குள் என்று சேர்த்து எழுதாவிட்டால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. 20 ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் ஒரு பங்கு வந்தாலும் வந்ததுதானே என்பது அவர்கள் நியாயம்.

இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லித்தருவதில்லை என்பது என் நெடுநாள் கேள்வி. பிளஸ் டூ இயற்பியலில் ஆர்.எல்.சி. ஒத்ததிர்வுக்குக் கணக்கு இருக்கிறது. செய்முறைக்குப் போனால் டயோடு, ஜீனர், டிரான்சிஸ்டர், லாஜிக் கேட். கணக்கில் வரும் அந்த மலையை எந்தப் பிள்ளையும் கண்ணால் பார்ப்பதில்லை. பாலிடெக்னிக்கில் ஆர்.சி. கப்பிள்டு ஆம்ப்ளிபயர் உண்டு, செமி–லாக் தாளும் உண்டு. ஆனால் அங்கே எல்லா ரெக்கார்டு நோட்டிலும் ஒரே மலை, ஒரே உச்சி. கப்பாசிட்டர் பத்து சதவீதம் முன்பின் இருக்கும் என்று மேலே சொன்னேன். ஒரு வகுப்பில் ஐம்பது பேருக்கும் ஒரே எண் வந்தால் அதில் அளந்தவர் எத்தனை பேர் என்று ஊகித்துக்கொள்ளலாம். மாணவரைக் குறை சொல்லவில்லை. ஒரு சி.ஆர்.ஓ.வைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கிற லேபில், மணி அடிப்பதற்குள் முடிக்கச் சொன்னால் வேறென்ன செய்வார்கள்?

இதற்கு நம் நாட்டிலேயே பதில் செய்து வைத்திருக்கிறார்கள். புதுடெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே பி.பி. அஜித் குமாரும் கூட்டாளிகளும் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தில் எக்ஸ்பைஸ் என்று ஒரு சிறு பெட்டியை வடிவமைத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும், கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி.யில் மாட்டினால் ஆசிலோஸ்கோப், சைன் அலை எல்லாம் அதுவே. 2017-இன் எக்ஸ்பைஸ்–17-இல் சைன் அலை 5 ஹெர்ட்ஸ் முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை போகும். ஃபில்டர் ஒன்றின் ரெஸ்பான்ஸை அதுவே படிப்படியாக ஓட்டி வரைந்தும் தரும். வடிவமைப்பை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று திறந்தே வைத்திருக்கிறார்கள். நம் அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்று கம்ப்யூட்டர் வரிசை போட்டாகிவிட்டது. அந்த வரிசையில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு சவுண்ட் கார்டு சும்மா இருக்கிறது. பெட்டி வாங்கப் பணமில்லை என்றால் வயரும் ரெசிஸ்டரும் போதும்.

இனி அந்த 71-க்கு வருகிறேன்.

ஒலிமாசு விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அந்தப் பகுதி அளவைவிடப் 10 டெசிபெல் கூடுதல் அல்லது 75, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. வணிகப் பகுதியாக எண்ணப்படுகிற ஜங்ஷனில் 75 என்பது இப்படித்தான் வந்தது. குடியிருப்பின் நடுவே இருக்கும் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் அது 65 என்பதை மைக்செட்டுக்காரர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

விதியில் வெறும் டெசிபெல் என்று எழுதவில்லை, டெசிபெல்–ஏ என்று எழுதியிருக்கிறது. அந்த 'ஏ' ஒரு ஃபில்டர். 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் மனிதக் காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று வரைந்தார்கள். மெல்லிய ஒலியில் நம் காதுக்குப் பேஸ் சரியாகக் கேட்காது. அந்த மெல்லிய ஒலிக்கான வளைகோட்டைப் பார்த்து, மீட்டருக்குள் ஒரு ஃபில்டரை வைத்தார்கள். 1,000 ஹெர்ட்ஸில் அது எதையும் குறைக்காது. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபெல் குறைக்கும். 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபெல், அதாவது மின்னழுத்தத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, திறனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் முள்ளுக்குப் போகும்.

18 அங்குலப் பெட்டி வேலை செய்கிற இடம் அந்த 50 ஹெர்ட்ஸ் பக்கம்தான். கணக்குப் பாருங்கள். பாட்டின் குரல் 70 டெசிபெல், இடி 50 ஹெர்ட்ஸில் 95 டெசிபெல் என்று வைப்போம். மீட்டருக்குள் 95 என்பது 65 ஆகிவிடும். 70-ம் 65-ம் டெசிபெல் கணக்கில் சேர்ந்தால் 71. எல்லைக்குள்! பழைய குழாய் ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை மட்டும் கத்தும். மீட்டர் அதிகம் குறைக்காமல் கேட்கிற இடமும் அதுவே. ஆக, மீட்டரில் மாட்டிக்கொள்கிற கருவியைக் கழற்றிவிட்டு, மீட்டருக்குக் கேட்காத கருவியை ஊருக்குள் விட்டிருக்கிறோம்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், கட்டிப் பாருங்கள். டோன் போர்டுகளில் வரும் 4558 ஐ.சி. ஒன்று. இந்தத் தடவை ஒலி கப்பாசிட்டர் வழியாகப் போகும், அளப்பது ரெசிஸ்டரின் மேல்: ஐ.சி.யின் முன்னால் 0.1 மைக்ரோபாரட்டும் 15 கிலோ ஓமும்; முதல் பாதியைக் கடந்து வந்ததும் 0.01 மைக்ரோபாரட்டும் 22 கிலோ ஓமும். அப்புறம் இரண்டாவது பாதி. பேஸ் பக்கத்தில் ஏ ஃபில்டருக்கு இது நெருங்கிய சொந்தம். லேப்டாப்பில் மாட்டிக் கோடு வரைந்தால், 1,000 ஹெர்ட்ஸைவிட 50 ஹெர்ட்ஸ் ஏறக்குறைய 29 டெசிபெல் கீழே கிடக்கும். பிளஸ் டூ பிள்ளை ஒரு மாலையில் கட்டிவிடும். கட்டிய பிறகு "71 தானே" என்ற பேச்சு அந்தப் பிள்ளையிடம் எடுபடாது.

செல்போன் செயலி இன்னும் மோசம். செல்போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. காற்று உறுமலும் கை உரசலும் கேட்காமலிருக்கப் பல போன்கள் பேஸை முன்கூட்டியே வெட்டிவிடும். அதன் மேல் செயலி ஏ ஃபில்டரையும் போட்டால் வெட்டியதையே மறுபடி வெட்டுகிறது. இங்கே என் மேசைக்கும் எல்லை உண்டு என்று சொல்லிவிடுகிறேன். சர்க்யூட்டின் ரெஸ்பான்ஸை வீட்டில் நம்பகமாக அளக்கலாம், ஏனென்றால் வயரால் வயரைச் சரிபார்க்க முடிகிறது. காற்றில் வரும் ஒலியை அளக்க, அளவுச் சான்று பெற்ற மைக் வேண்டும். அது வீட்டுச் சாமானம் கிடையாது.

ஏ ஃபில்டரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காது கெடுவதைக் கணக்கிட அது பயன்படுகிறது. குழாய் ஸ்பீக்கர் காதுக்குச் செய்த கெடுதல் சின்னதல்ல, பெட்டியைவிடக் குழாயே காதுக்குப் பகை என்று மைக்செட்டுக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மெல்லிய ஒலிக்காக வரைந்த கோட்டைத் திருவிழா இடிக்கு வைத்து அளப்பது பொருந்தாது. ஒலி கூடக்கூட நம் காதுக்குப் பேஸ் மேலும் மேலும் சமமாகக் கேட்கத் தொடங்கும். மீட்டருக்குள் ஃபில்டர் மட்டும் அப்படியே நிற்கும். அதோடு, 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் ஏழு மீட்டர் அளவு. எங்கள் ஊர் வீடுகளின் ஓடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் பாட்டின் கீச்சொலியை ஓரளவு தடுக்கும், இடியைத் தடுக்காது. ஒரு சுவரின் தடுக்கும் சக்தி, அதிர்வெண் பாதியாகும்போது ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். அதனால்தான் கதவைச் சாத்திய அறைக்குள் பாட்டு போய் இடி மட்டும் மிஞ்சுகிறது. படுக்கையில் கிடக்கிற ஒரு பாட்டி என்னிடம் சொன்னது இது: "செவியில இல்ல மக்களே, நெஞ்சுக்குள்ளயாக்கும் அடிக்குது." அந்த அறையில் மீட்டரை நீட்டினால் அது அநேகமாக நாற்பதோ ஐம்பதோதான் காட்டும்.

மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. அதே மீட்டர்களில் 'சி' என்று இன்னொரு ஃபில்டர் பொத்தானும் பெரும்பாலும் இருக்கும். அது 50 ஹெர்ட்ஸில் ஒன்றேகால் டெசிபெல்தான் குறைக்கும். மேலே சொன்ன கணக்கில் ஏ 71 காட்டும்போது சி 93-ஐத் தாண்டும். ஜெர்மனியில் டி.ஐ.என். 45680 என்ற தரநிலை 1997-இல் இதைத்தான் கையாண்டது: சி அளவிலிருந்து ஏ அளவைக் கழித்து 20 டெசிபெலுக்கு மேல் வந்தால், தொல்லை பேஸில் இருக்கிறது, தனியாக ஆராய வேண்டும். நம் விதியிலும் ஏ–யோடு சி–யையும் எழுதச் செய்யலாம். மீட்டர் பிடிக்கிற அதிகாரி ஒரு பொத்தானைக் கூடுதலாக அமுக்க வேண்டும், தாளில் ஒரு எண்ணைக் கூடுதலாக எழுத வேண்டும். இதற்காக டெல்லியில் விதி திருத்தும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. புகார் வரும் இடத்தில் இரண்டு எண்ணையும் எழுதி வைக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை.

மைக்செட்டுக்காரர்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பேஸ் பெட்டிக்குப் போகிற ஒலி முழுக்க, பேஸைத் தனியே பிரித்துவிடும் கிராஸ்ஓவர் வழியாகத்தான் போகிறது. வீடுகள் ஒட்டிய இடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும்படி அதை வைத்தால் 24 டெசிபெல் சரிவில் 40 ஹெர்ட்ஸ் காணாமல் போகும், 50 பாதிக்கும் கீழே போகும், பாட்டுக்குப் பெரிய சேதம் வராது. கூட்டம் அதைக் கவனிக்கக்கூட மாட்டாது என்பது என் அனுபவம். ஆனால் திருகில் 80 என்று அச்சிட்ட இடத்தில் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸில் வெட்டுகிறது என்பது அளந்தால்தான் தெரியும். மலிவான கிராஸ்ஓவர்களில் அச்சும் அளவும் ஒத்துப்போனால் ஆச்சரியம். எங்கள் வட்டாரத்து மைக்செட்டுக்காரர் யாரானாலும் கிராஸ்ஓவரைச் சாயங்காலம் என் வராந்தாவுக்குக் கொண்டுவரட்டும். காசு வேண்டாம், சாயாவும் உண்டு. 80, 100, 120 என்று ஒவ்வொரு நிலையிலும் கோடு வரைந்து, தேதி போட்டு, மூடிக்கு உள்பக்கம் ஒட்டித் தருகிறேன். போலீஸோ பக்கத்து வீட்டுக்காரரோ கேட்டால் மூடியைத் திறந்து காட்டலாம்.